சிறுகோள் பட்டை உடைந்து போன கோளா? கோள், நிலவு, சிறுகோள், வால்மீன் ஆகியவற்றின் பிறப்பைக் குறித்து ஓர் ஐயம்

கரும்பலகை | ஞாயிறு, மாலை 5.10

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம், முன்னொரு காலத்தில் அங்கே இருந்த ஒரு கோள் உடைந்து சிதறியதன் துண்டுகளே அவை என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். எனக்கும் என் ஆசிரியர் அப்படித்தான் சொல்லித் தந்தார். சென்ற வாரம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தத் துண்டுகளை எல்லாம் திரும்ப ஒட்டினால் எவ்வளவு பெரிய கோள் கிடைக்கும்?" என்று கேட்டாள். மறுநாள் சொல்வதாகக் கூறிவிட்டு வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பட்டையில் உள்ள எல்லாவற்றின் நிறையையும் கூட்டினாலும் நம் நிலவின் நிறையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே தேறுகிறது. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரிஸ் என்ற ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது. இவ்வளவு சிறிய நிறையை ஒரு கோள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனவே என் கேள்வி இதுதான்: பாறைக் கோள், வாயுக் கோள், நிலவு, சிறுகோள், வால்மீன் என்று நாம் பிரித்துச் சொல்லும் இவை அனைத்தும் ஒரே முறையில் பிறந்தனவா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டா? வகுப்பில் தவறாகச் சொன்னதைத் திருத்த வேண்டும் என்பதால் விரிவான விளக்கத்தை எதிர்பார்க்கிறேன்.

விண்கல் | ஞாயிறு, இரவு 8.25

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அந்த மாணவியின் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. உடைந்த கோள் என்னும் கருத்துக்கு இருநூறு ஆண்டு வயது உண்டு. 1801-ஆம் ஆண்டின் முதல் நாளில் பியாட்சி சீரிஸைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஓல்பர்ஸ் பல்லாஸைக் கண்டார். ஏறத்தாழ ஒரே தொலைவில் இரண்டு சிறு பொருள்கள் சுற்றுவதைப் பார்த்த ஓல்பர்ஸ், அவை ஒரு பெரிய கோளின் துண்டுகளாக இருக்கலாம் என்று கருதினார். அன்றிருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான ஊகமே. இன்று அதை ஏற்க முடியாததற்கு நிறை மட்டும் காரணமன்று. பட்டையின் உட்புறத்தில் உலர்ந்த பாறைத் தன்மை கொண்ட சிறுகோள்கள் மிகுதியாகவும், வெளிப்புறத்தில் கரிமமும் நீர் கலந்த களிமண் கனிமங்களும் கொண்ட கருநிறச் சிறுகோள்கள் மிகுதியாகவும் இருக்கின்றன. ஒரே கோள் உடைந்திருந்தால் இந்த வரிசை வந்திருக்காது. அங்கே ஒரு கோள் உருவாகவே இல்லை என்பதுதான் இன்றைய புரிதல். அருகில் வளர்ந்த வியாழனின் ஈர்ப்பு அங்கிருந்த கட்டிகளின் பாதைகளைக் கலைத்து, அவை மென்மையாக மோதி ஒட்டுவதற்குப் பதிலாக வேகமாக மோதிச் சிதறும்படி செய்துவிட்டது, பெரும்பகுதியை அங்கிருந்து வெளியேற்றியும் விட்டது.

ஆனாலும் உங்கள் ஆசிரியர் சொன்னதில் ஒரு சிறு உண்மை ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அருங்காட்சியகங்களில் இரும்பு விண்கற்களைப் பார்த்திருப்பீர்கள். அறுத்து அமிலம் பூசினால் அவற்றின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் படிகக் கோடுகள் தெரியும். இரும்பும் நிக்கலும் கலந்த உருகிய உலோகம் பல லட்சம் ஆண்டுகளாக மெல்ல மெல்லக் குளிர்ந்தால் மட்டுமே அந்தக் கோலம் விழும். அவ்வளவு மெதுவாகக் குளிர வேண்டுமானால் அந்த உலோகம் ஒரு பெரிய பொருளின் உள்ளே, பாறைப் போர்வைக்குள் பொதிந்து இருந்திருக்க வேண்டும். ஆக, உடைந்த பொருள்கள் உண்டு; ஆனால் அவை ஒரு கோள் அல்ல, சில பத்து அல்லது சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பல சிறு உலகங்கள்.

அவ்வளவு சிறிய ஒன்று எப்படி உள்ளே உருகியது? இதற்கான விடைதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே மிக அழகானது. சூரியக் குடும்பம் பிறந்தபோது அதன் தூசியில் அலுமினியம்-26 என்ற கதிரியக்க ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வேறு எடையுள்ள அணு வகை) கலந்திருந்தது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகள் மட்டுமே. முதல் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் திரண்ட கட்டிகளில் அது நிறைய இருந்ததால் அவை உள்ளிருந்தே வெந்து உருகின. இரும்பு நடுவில் இறங்கியது, பாறை மேலே மிதந்தது. இருபது முப்பது லட்சம் ஆண்டுகள் கழித்துத் திரண்டவற்றில் அந்தச் சூடு தீர்ந்து போயிருந்தது. அவை உருகாமல், முதல் தூசியும் சிறு மணிகளும் அப்படியே ஒட்டிய கட்டிகளாக நின்றுவிட்டன. காண்ட்ரைட்டு என்று நாம் அழைக்கும் விண்கற்கள் இந்த இரண்டாம் வகையிலிருந்து வந்தவை. ஒரே பொருளால் ஆன இரு சிறுகோள்களில் ஒன்று உருகியதும் மற்றொன்று உருகாததும் எப்போது பிறந்தன என்பதைப் பொறுத்தே அமைந்தன.

வெஸ்டா என்ற சிறுகோள், உருகிய முதல் வகைக்குச் சிறந்த சான்று. 525 கிலோமீட்டர் அகலமுள்ள அதற்கு இரும்பு உள்ளகமும் எரிமலைப் பாறை மேலோடும் உண்டு. 2011-இல் அதைச் சென்றடைந்த டான் விண்கலம், அதன் தென்முனையில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் அகலமுள்ள மோதல் பள்ளத்தைப் படமெடுத்தது. அத்தகைய மோதல்களில் தெறித்த துண்டுகளே, பூமியில் விழுவதைக் கண்டு எடுக்கப்பட்ட விண்கற்களில் நூற்றுக்கு ஐந்தாறு என்று கணக்கிடப்படுகிறது.

திருவாதிரை | ஞாயிறு, இரவு 10.40

நண்பர் விண்கல் சிறுகோளிலிருந்து தொடங்கியதால் நான் அதற்கும் முந்தைய கட்டத்தைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவான தொடக்கம் ஒன்றே: இளம் சூரியனைச் சுற்றியிருந்த வாயுவும் தூசியும் கலந்த தட்டையான வட்டு. 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயேந்தே விண்கல்லில் உள்ளவற்றைப் போன்ற கால்சியமும் அலுமினியமும் மிகுந்த வெண்ணிறத் துணுக்குகளே நமக்குக் கிடைத்த மிகப் பழைய திடப்பொருள். அவற்றின் வயது ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டுகள். விண்கற்களுக்கு வயது குறிப்பவர்கள் அந்தக் கணத்தைத்தான் சுழியாக வைத்து எண்ணுகிறார்கள்.

தூசி மணலாவதும் மணல் கூழாங்கல்லாவதும் எளிது. அதற்கு மேல்தான் சிக்கல். ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள கல், சுற்றியுள்ள வாயுவை விடச் சற்று வேகமாகச் சூரியனைச் சுற்ற முயல்கிறது. எதிர்க்காற்றில் மிதிவண்டி ஓட்டுபவர் வேகம் இழப்பது போல அது வேகம் இழந்து, சில நூறு ஆண்டுகளுக்குள் சூரியனை நோக்கிச் சுழன்று விழுந்துவிடும். மேலும் இத்தகைய இரு கற்கள் மோதினால் ஒட்டுவதை விட உடைவதே மிகுதி. அப்படியானால் கிலோமீட்டர் அளவிலான கட்டிகள் எப்படித்தான் வந்தன? 2005-இல் யூடின், குட்மன் ஆகிய இருவர் ஒரு வழியைக் காட்டினர். கூழாங்கற்கள் ஓரிடத்தில் சற்றே கூடினால், அவை சேர்ந்து சுற்றியுள்ள வாயுவையும் தம்முடன் இழுத்துச் செல்வதால் எதிர்க்காற்று தணிகிறது. பின்னால் வருபவை அங்கே வந்து சேர்கின்றன. கூட்டம் அடர்ந்து, ஒரு கட்டத்தில் தன் சொந்த ஈர்ப்பாலேயே ஒட்டுமொத்தமாகச் சரிந்து ஒரு கட்டியாகிவிடுகிறது. மீட்டர் அளவு என்னும் ஆபத்தான படியை அது மிதிக்காமலேயே தாண்டிவிடுகிறது.

இதை நான் வெறும் கணக்காகவே நினைத்திருந்தேன், 2019-ஆம் ஆண்டுப் பிறப்பன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அனுப்பிய அரோகாத் என்ற சிறு பொருளின் படத்தைப் பார்க்கும் வரை. நெப்டியூனுக்கும் அப்பால், சூரியனிலிருந்து பூமியின் தொலைவைப் போல 44 மடங்கு தொலைவில், ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு அப்பளங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்தது போன்ற உருவம். இரண்டும் சேர்ந்த கழுத்துப் பகுதியில் நசுங்கலோ பெரிய விரிசலோ இல்லை. மனிதர் நடக்கும் வேகம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில்தான் அவை தொட்டிருக்க முடியும். ஒரே கூழாங்கல் முகிலிலிருந்து இணையாகப் பிறந்து, ஒன்றையொன்று சுற்றி வந்து மெல்ல அமர்ந்தவை அவை என்பதே பொருத்தமான விளக்கம்.

அந்தக் கட்டிகளில் எது பாறைக் கோளாகும், எது வாயுக் கோளாகும் என்பதைப் பனிக்கோடு முடிவு செய்தது. சூரியனிலிருந்து பூமியின் தொலைவைப் போல ஏறத்தாழ 3 மடங்கு தொலைவுக்கு அப்பால் நீர் பனியாக உறைந்து கிடந்ததால் அங்கே கட்டுமானப் பொருள் மிகுதி. வியாழனின் உள்ளகம் விரைவாகப் பெருத்து, வட்டில் வாயு எஞ்சியிருந்த சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் ஐதரசனையும் ஹீலியத்தையும் வாரி இழுத்து, இன்று பூமியைப் போல 318 மடங்கு நிறையோடு நிற்கிறது. யுரேனசும் நெப்டியூனும் சற்றுத் தாமதித்ததால் அவற்றுக்கு மிச்சமிருந்த மெல்லிய வாயுப் போர்வையே கிடைத்தது. பூமியோ வாயு கலைந்து போன பிறகும் மோதி மோதி வளர்ந்து, முழு உருவம் பெறப் பல கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

விண்கல் | திங்கள், காலை 6.50

திருவாதிரை அவர்கள் எழுதியதில் ஒரு திருத்தம் மட்டும். பனிக்கோடு ஓரிடத்தில் நிலையாக நின்றதன்று. வட்டு சூடாக இருந்த தொடக்கத்தில் அது வெளியே இருந்தது, வட்டு குளிரக் குளிர உள்ளே நகர்ந்தது. 3 மடங்கு என்பது அந்தப் பயணத்தின் ஒரு நிலையைக் குறிக்கும் எண்ணாகவே வகுப்பில் சொல்லப்பட வேண்டும்.

இன்னொன்று: வியாழன் விரைவாக வளர்ந்ததற்கு விண்கற்களிலேயே சான்று இருக்கிறது. மாலிப்டினம், டங்ஸ்டன் போன்றவற்றின் ஐசோடோப்பு அளவுகளைப் பார்த்தால் விண்கற்கள் இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன; ஒன்று வட்டின் உட்புறத்தது, மற்றொன்று வெளிப்புறத்தது. இரண்டும் ஒரே காலத்தில் திரண்டவை, ஆனால் ஒன்றோடொன்று கலக்கவில்லை. இடையே ஒரு தடுப்பு இருந்திருக்க வேண்டும். அந்தத் தடுப்பு வளர்ந்து கொண்டிருந்த வியாழன்தான் என்றும், முதல் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே அதன் உள்ளகம் பூமியைப் போல 20 மடங்கு நிறையை எட்டியிருந்தது என்றும் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர்கள் 2017-இல் கணித்தனர். உள்ளங்கையில் வைக்கும் இரும்புத் துண்டு ஒன்று வியாழனின் பிறந்த தேதியைச் சொல்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

கரும்பலகை | திங்கள், மாலை 4.30

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு முழுவதும் இவற்றையே படித்துக்கொண்டிருந்தேன். நிலவுகளைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. நம் நிலவு பசிபிக் பெருங்கடல் இருக்கும் இடத்திலிருந்து பிய்ந்து போனது என்று என் சிறு வயதில் ஒரு நூலில் படித்த நினைவு. அதுவும் தவறா?

நெய்தல் | திங்கள், இரவு 9.15

ஆசிரியர் அவர்களே, தவறுதான். ஆனால் அதற்கும் மதிப்புமிக்க முன்னோர் உண்டு. வேகமாகச் சுழன்ற பூமியிலிருந்து நிலவு பிரிந்தது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் டார்வின் கருதினார். அந்தப் பிரிவின் வடுவே பசிபிக் என்று ஆஸ்மண்ட் ஃபிஷர் சேர்த்தார். இன்று நமக்குத் தெரியும், பசிபிக்கின் அடித்தளம் இருபது கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. நிலவோ 400 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

நிலவு என்ற சொல் ஒன்று எதைச் சுற்றுகிறது என்பதைச் சொல்கிறதே ஒழிய எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. இதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நம் நிலவு மோதலில் பிறந்தது. அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் இல்லாமல் இது தெரிந்திருக்காது. நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் நிலவின் சராசரி அடர்த்தி 3.34, பூமியினுடையது 5.51, அதாவது நிலவில் இரும்பு மிகக் குறைவு. செவ்வாய் அளவுள்ள ஒரு பொருள் இளம் பூமியின் மீது மோதியபோது அதன் இரும்பு உள்ளகம் பூமியின் உள்ளகத்தோடு கலந்துவிட்டது என்றும், வெளியே தெறித்த பாறைக் குழம்பே நிலவாகத் திரண்டது என்றும் கொண்டால் இந்த வேறுபாடு விளங்குகிறது. 1975-இல் ஹார்ட்மன், டேவிஸ் ஆகியோரும், அடுத்த ஆண்டு கேமரன், வார்டு ஆகியோரும் முன்வைத்த இந்தக் கருத்து 1984-க்குப் பிறகு பெரும்பாலோரின் ஏற்பைப் பெற்றது. ஒரு முள் மட்டும் இன்னும் குத்துகிறது. பூமியின் பாறைக்கும் நிலவின் பாறைக்கும் ஆக்சிசன் ஐசோடோப்பு அளவுகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. மோத வந்த அந்நியப் பொருளின் கைரேகை எங்கே போனது என்பதற்கு, மோதலின் வெப்பத்தில் இரண்டும் நன்றாகக் கலந்துவிட்டன என்றும், மோதியதே பூமிக்கு மிக அருகில் பிறந்த ஒன்று என்றும் வெவ்வேறு விடைகள் சொல்லப்படுகின்றன.

உருகிய நிலையில் பிறந்த நிலவு மேலே ஒரு பாறைக் கடலோடு இருந்தது. அந்தக் கடல் குளிரும்போது எடை குறைந்த வெண்ணிறக் கனிமங்கள் மேலே மிதந்து அனார்த்தோசைட்டு மேலோடாயின. 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்முனைப் பகுதிக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3 இன் பிரக்யான் ஊர்தி 23 இடங்களில் மண்ணை அளந்து, அங்கும் அதே வகைப் பொருளைக் கண்டது. அப்பல்லோ இறங்கிய நடுப்பகுதிக்கு வெகு தொலைவிலும் இதே மேலோடு இருப்பது, நிலவு முழுவதையும் அந்தக் கடல் மூடியிருந்தது என்பதற்கு வலுச் சேர்க்கிறது. மாணவர்களுக்கு இன்னும் அருகில் ஒன்றைக் காட்டலாம்: நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட்டு பாறை உண்டு, அதை அரைத்துச் செய்த மண்ணில்தான் இஸ்ரோ சந்திரயானின் தரையிறங்கு சோதனைகளுக்கான தளத்தை அமைத்தது. அந்தப் பாறை பிறந்த முறை நிலவினுடையதிலிருந்து வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

வியாழனின் நான்கு பெரிய நிலவுகளின் வரலாறு முற்றிலும் வேறு. அவை வியாழனைச் சுற்றியிருந்த ஒரு சிறு வட்டில், கோள்கள் சூரியனைச் சுற்றிப் பிறந்தது போலவே பிறந்தன. அடர்த்திகளை வரிசையாகப் பாருங்கள்: அயோ 3.5, யூரோப்பா 3.0, கனிமீட் 1.9, கலிஸ்டோ 1.8. வியாழனுக்கு அருகில் சூட்டினால் பனி தங்கவில்லை, தொலைவில் தங்கியது.

நெப்டியூனின் டிரைட்டனோ வெளியிலிருந்து பிடிபட்டது. கோள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் அது சுற்றுகிறது; கோளின் வட்டிலேயே பிறந்த ஒன்று அப்படிச் சுற்ற வாய்ப்பில்லை. அது ஓர் இணையோடு, நெப்டியூனுக்கு அப்பால் பனிப் பொருள்கள் சுற்றும் கைப்பர் பட்டையிலிருந்து வந்தது, நெப்டியூனின் அருகே இணை தப்பிப் போக இது சிக்கிக்கொண்டது என்று 2006-இல் ஆக்னரும் ஹாமில்டனும் விளக்கினர். அடர்த்தியிலும் மேற்பரப்புப் பனியிலும் அது புளூட்டோவின் உறவினர் போலவே இருக்கிறது.

அடிவானம் | செவ்வாய், காலை 7.20

நெய்தல் அவர்களின் விளக்கம் சிறப்பாக இருந்தது. பிடிபட்ட நிலவுகளுக்கு டிரைட்டனை விட எளிய எடுத்துக்காட்டு செவ்வாயின் ஃபோபோசும் டெய்மோசும் அல்லவா? உருவத்திலும் கரிய நிறத்திலும் அவை சிறுகோள்களையே ஒத்திருக்கின்றன, பட்டையும் பக்கத்தில்தான் இருக்கிறது. பாடநூல்களிலும் அப்படித்தான் கண்டிருக்கிறேன்.

நெய்தல் | செவ்வாய், இரவு 8.05

அடிவானம் அவர்களே, நானும் நெடுநாள் அப்படியே நம்பியிருந்தேன், இப்போது தயங்குகிறேன். தோற்றம் உங்கள் பக்கம் இருக்கிறது, பாதை உங்களுக்கு எதிராக இருக்கிறது. வெளியிலிருந்து சிக்கிய பொருள் பொதுவாக நீள்வட்டமான, சாய்ந்த பாதையில் சுற்றும்; சனியின் ஃபீபி அப்படித்தான், அதுவும் எதிர்த்திசையில். ஆனால் செவ்வாயின் இரு நிலவுகளும் ஏறத்தாழ வட்டமான பாதையில், செவ்வாயின் நடுக்கோட்டுத் தளத்தை ஒட்டியே சுற்றுகின்றன. ஒன்று தற்செயலாக அப்படி அமைந்தது என்றாலும் இரண்டும் அமைவது கடினம். செவ்வாயின் மீது நிகழ்ந்த பெருமோதல் ஒன்றின் சிதறலிலிருந்து அவை திரண்டிருக்கலாம் என்ற கருத்து அதனால்தான் வலுப்பெற்று வருகிறது. ஜப்பானின் எம்.எம்.எக்ஸ். திட்டம் ஃபோபோசிலிருந்து மண்ணைக் கொண்டுவருவதற்காக வகுக்கப்பட்டது. அந்த மண் செவ்வாயின் பாறையை ஒத்திருந்தால் மோதல், கரிம விண்கற்களை ஒத்திருந்தால் பிடிபட்டது. அதுவரை இரண்டையும் வகுப்பில் சொல்வதே நேர்மை.

திருவாதிரை | செவ்வாய், இரவு 10.30

வால்மீன் மட்டும் விடுபட்டுள்ளது. அவை பனிக்கோட்டுக்கு அப்பால், பெருங்கோள்கள் இருந்த பகுதியிலும் அதற்கு வெளியிலும் திரண்டவை. பெருங்கோள்களின் ஈர்ப்பு பலவற்றை வெகு தொலைவுக்கு எறிந்தது. அவ்வாறு எறியப்பட்டவற்றின் கூட்டமே 1950-இல் யான் ஊர்ட் ஊகித்த ஊர்ட் முகில். எஞ்சியவை நெப்டியூனுக்கு அப்பால் நின்றுவிட்டன.

குளிரில் பிறந்த அழுக்குப் பனி என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006-இல் கொண்டுவந்த வைல்டு-2 வால்மீனின் தூசி அதற்கு இடம் தரவில்லை. அந்தத் தூசியில், சூரியனுக்கு அருகே ஆயிரம் பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் மட்டுமே உருவாகக் கூடிய கனிமத் துகள்கள் இருந்தன. நான் முன்பு சொன்ன அயேந்தே வெண்துணுக்குகளின் உறவினர்களும் இருந்தன. வட்டின் உள்ளிருந்த தூசி எப்படியோ வெளி எல்லை வரை பயணம் செய்து பனியோடு கலந்திருக்கிறது. விண்கல் அவர்கள் சொன்ன தடுப்பு ஒரு பக்கம், இந்தக் கலப்பு மறுபக்கம். கலப்பு வியாழன் வளர்வதற்கு முன்பே, மிகத் தொடக்கத்திலேயே நிகழ்ந்திருந்தால் இரண்டும் பொருந்திப் போகும் என்று நான் கருதுகிறேன்.

கரும்பலகை | வியாழன், மாலை 6.15

இன்று வகுப்பில் என் பழைய விளக்கம் தவறு என்று சொல்லி, கரும்பலகையில் சூரியனை வரைந்து, ஒவ்வொரு பொருளும் எங்கே, எப்போது பிறந்தது என்று குறித்துக் காட்டினேன். மாணவர்கள் வழக்கத்தை விட அமைதியாகக் கேட்டார்கள். அதே மாணவி மறுபடியும் எழுந்தாள்: "அப்படியானால் பட்டையில் இருக்கும் எல்லாமே அங்கேயே பிறந்தவைதானா? சீரிஸ் கூடவா?" இதற்கும் மறுநாள் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.

விண்கல் | வியாழன், இரவு 9.00

ஆசிரியர் அவர்களே, அந்தக் குழந்தைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். 2015-இல் டான் விண்கலம் சீரிஸை அடைந்தபோது, அதன் மேற்பரப்புக் களிமண் கனிமங்களில் அம்மோனியா கலந்திருப்பதைக் கண்டது. அம்மோனியா உறைவதற்கு நீர் உறைவதை விடக் கடுங்குளிர் தேவை. இன்று சீரிஸ் சுற்றும் தொலைவில் அக்காலத்தில் அந்தக் குளிர் இருந்ததாகத் தெரியவில்லை. எனவே 940 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் குறுங்கோள் பெருங்கோள்களின் பகுதியிலோ அதற்கும் அப்பாலோ பிறந்து, அவை இடம் பெயர்ந்தபோது உள்ளே தள்ளப்பட்டிருக்கலாம். அல்லது இப்போதிருக்கும் இடத்திலேயே பிறந்து, வெளியிலிருந்து நகர்ந்து வந்த அம்மோனியா கலந்த கூழாங்கற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். பட்டையின் வெளிப்புறத்தில் உள்ள கருநிறச் சிறுகோள்கள் பலவும் வியாழனுக்கு அப்பால் பிறந்து பிறகு உள்ளே வந்தவை என்றே, ஐசோடோப்புகளின் அடிப்படையில் இன்று பலர் கருதுகின்றனர். வெஸ்டா சூரியனுக்கு நெருங்கிய பகுதியில், சீரிஸை விட முந்திப் பிறந்து உருகியது. சீரிஸ் பிந்திப் பிறந்து நீரைத் தன்னுள் காத்து வைத்தது. இரண்டும் இன்று ஒரே பட்டையில் சுற்றுகின்றன.